சாம்பல் தண்ணீர்

அந்தக் குவாரியில் கதவு என்று சொன்னால் அது மரக்கதவு இல்லை. வெள்ளைப் பளிங்கை அறுத்துக்கொண்டே போகும்போது இடையிடையே ஒரு கறுத்த பட்டை ஓடும். சில இடத்தில் விரல் கனம், சில இடத்தில் ஆள் புரண்டு படுக்கிற அகலம். தொட்டால் மினுமினுவென்று செதிலாக உதிரும். நகத்தால் கீறினாலே கோடு விழும். அந்தப் பட்டைக்கு அங்கே வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர்தான் கதவு. பெயருக்குக் காரணம் உண்டு. கல்லின் பின்பக்கத்தையும் இரண்டு ஓரத்தையும் அறுத்துவிட்டால் போதும். அடியை அறுக்க வேண்டியதே இல்லை. பட்டைக்கு மேலே இருக்கிற கல், மேசை இழுப்பறை மாதிரி வழுக்கிக்கொண்டு வந்துவிடும். "கதவு திறந்துடுச்சு!" என்று ஒருவன் கத்துவான், மற்றவர்கள் விசில் அடிப்பார்கள். பாதி வேலை மிச்சம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

கல்லை அறுக்கிற கம்பியை ஓட்டியவள் ஒரு பெண். பெற்றவர்கள் வைத்த பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. கூப்பிடத்தான் ஆள் இல்லை. பெரியவர்களுக்கு அவள் கம்பிக்காரி, சின்னவர்களுக்குக் கம்பிக்கா.

கல்யாணமாகி வந்த புதிதில் அவள் அங்கே உடைசல் சுமந்தாள். தலையில் சும்மாடு, சும்மாட்டின்மேல் இரும்புச் சட்டி, சட்டி நிறையக் கல்துண்டு. பிறகு தண்ணீர்க் குழாய் பிடிக்கப் போட்டார்கள். கம்பி என்பது வைர மணி கோத்த கம்பி. நூலால் சோப்புக்கட்டியை அறுக்கிற மாதிரி அது மலையை அறுக்கும். சூடேறாமல் இருக்க விடாமல் தண்ணீர் விட வேண்டும். மற்றவர்கள் மெஷினைப் பார்த்தார்கள். குழாயோடு நின்றவள் தண்ணீரைப் பார்த்தாள். வெட்டின் வாயிலிருந்து தண்ணீர் பாலாக வடிந்தால் நல்ல கல். செம்மண் கலந்து வந்தால் உள்ளே வெடிப்பு. சாம்பல் நிறமாக வந்தால் கம்பி கதவைத் தொட்டுவிட்டது. உடனே மெஷினை நிறுத்தி, கதவு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்த பிறகுதான் மறுபடி ஓட்ட வேண்டும். கம்பி ஓட்டுகிறவர்களுக்கு இது எழுதாத சட்டம்.

பழைய ஆபரேட்டர் முதுகுவலி என்று ஒரு நாள் நின்றுவிட்டார். வெளியே லாரி காத்துக்கொண்டிருந்தது. மேனேஜர் தலையைச் சொறிந்துகொண்டு, "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் நீ ஓட்டு" என்றார். அந்த ஒரு நாள் வருஷக்கணக்காக நீண்டுவிட்டது.

அது சும்மா நீண்டுவிடவில்லை. துளை போடுகிறவன் ஒருவன் இருந்தான். எப்போதும் தலைக்கவசத்தைப் பின்பக்கம் தள்ளிப் போட்டிருப்பதால் அவனுக்குத் தொப்பி என்று பெயர். முதல் நாளே ஆரம்பித்தான்.

"என்னக்கா, கத்தரிக்கா நறுக்குற மாதிரின்னு நெனச்சுட்டியா?"

"கத்தரிக்காய்ல பூச்சி இருந்தா எனக்கு வெளியிலருந்தே தெரியும் தம்பி. உனக்கு வாயில போட்டாத்தான் தெரியும்."

பேச்சில் அவளை யாரும் மடக்க முடியாது. ஆனால் பேச்சு முடிந்ததும் எல்லார் கண்ணும் அவள் கையைத்தான் பார்த்தன. ஆண் ஆபரேட்டர் கம்பியை அறுத்துவிட்டால் கம்பி மட்டம் என்பார்கள். அவள் அறுத்துவிட்டால் அவள் மட்டம். ஒரு தடவை தண்ணீர் கறுப்பாக வந்ததைப் பார்த்துச் சட்டென்று மெஷினை நிறுத்தினாள். பார்த்தால் மெஷினிலிருந்து ஒழுகிய எண்ணெய். அன்றைக்கு முழுக்கச் சிரிப்புதான். "பூனை குறுக்க வந்தாக்கூட நம்ம கம்பிக்கா வண்டிய நிறுத்திடும்" என்று தொப்பி நடித்தே காட்டினான். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். உள்ளே அது முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது.

அவள் புருஷன் குவாரியின் அடித்தளத்தில் லோடர் ஓட்டினார். அறுத்துச் சாய்த்த கல்லை அள்ளிக்கொண்டு போய்ச் சேர்ப்பது அவர் வேலை. மேலே அவள், கீழே அவர். நடுவில் சத்தமும் தூசியும். அதனால் ஹாரனில் பேசிக்கொள்வார்கள். ஒரு தடவை அடித்தால் டீ, இரண்டு தடவை அடித்தால் வீட்டுக்குப் போகலாம். நீளமாக ஒரே அழுத்தாக அழுத்தினால் கோபம். அந்த மூன்றாவது, அவருக்கு அவ்வளவாகத் தேவைப்பட்டதில்லை.

ஒரு நாள் மேனேஜரோடு ஓர் இளம்பெண் வந்து இறங்கினாள். தோளில் பை, இடுப்பில் சுத்தியல், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் ஒரு சின்ன லென்ஸ். பல்கலைக்கழகத்தில் கல்லுக்கு வயது கண்டுபிடிக்கிற ஆராய்ச்சியாம். வருகிறவர்கள் எல்லாரும் வெள்ளைக் கல்லைத் தடவிப் பார்ப்பார்கள். இவள் நேரே கதவுக்குப் போய் அதன்மேல் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"இது என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"கதவு" என்றான் தொப்பி.

"சாம்பல்" என்றாள் அவள். "எரிமலைச் சாம்பல்."

சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து சொன்னாள். மனுஷன், மாடு, மரம் எதுவுமே இல்லாத காலத்தில் இந்த இடம் கடல். கடலுக்கு அடியில் சுண்ணாம்புச் சேறு படிந்துகொண்டே இருந்தது. எங்கேயோ ஒரு எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் காற்றில் வந்து கடல்மேல் விழுந்து, கீழே இறங்கி, வெள்ளைச் சேற்றின்மேல் ஒரு போர்வையாகப் படிந்தது. அதன்மேல் மறுபடியும் சேறு. அப்புறம் எல்லாமாகச் சேர்ந்து பூமிக்குள் போய் வெந்து, நசுங்கி, மடிந்தன. சேறு பளிங்காகிவிட்டது. சாம்பல் இந்த மினுக்கிற செதிலாகிவிட்டது. அந்தச் சாம்பலோடு வந்த கண்ணுக்குத் தெரியாத சின்னப் படிகங்கள் மட்டும் மாறாமல் உள்ளேயே இருக்கும். அதை எடுத்துப் பார்த்தால் எரிமலை வெடித்த காலத்தைச் சொல்லிவிடலாம்.

"எரிமலை எங்க வீட்டுலயே ஒண்ணு இருக்கு மேடம்" என்றார் லோடர்காரர். "நான் கொஞ்சம் லேட்டாப் போனாப் போதும், வெடிச்சிடும்."

"எத்தனை தடவை வெடிச்சு என்ன மேடம்?" என்றாள் கம்பிக்காரி. "இந்த மனுஷன் இன்னும் பளிங்கா மாறலையே."

அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்குச் சாம்பல் மேடம் என்றே பெயர் விழுந்துவிட்டது. அவள் கம்பிக்காரியை அக்கா என்று கூப்பிட்டாள். மெஷின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தண்ணீர் நிறம் மாறுவதைப் பற்றிக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். படித்த ஒருத்தி தன் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கம்பிக்காரிக்குப் புதிது. அன்று சாயந்திரம் அவள் நடையே வேறாக இருந்தது.

மூலைச் சுவரில்தான் சாம்பல் மேடத்துக்குக் கண். குவாரியின் ஒரு மூலையில் மூன்று மாடி உயரத்துக்கு நின்ற வெள்ளைச் சுவர் அது. மற்ற இடங்களில் கதவு படுத்திருக்கும். இங்கே மட்டும் சாய்வாக வந்து, சுவரின் பாதத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கல்லுக்குப் பின்னால் மறைந்துவிடும். "வெயிலும் மழையும் படாத புது முகம் வேணும். அந்தப் பாதக் கல்லை எடுத்துட்டா கிடைக்கும்" என்றாள். மேனேஜர் யோசித்தார். பாதக் கல்லும் நல்ல வெள்ளை. கதவு மலைக்குள்ளேதான் போகிறது என்று எல்லாருமே நம்பினார்கள். "அறுத்துடு" என்றார். மறுநாள் காலையில் மேடம் ஊருக்குக் கிளம்ப வேண்டும். அன்றைக்கே முடிக்க வேண்டும்.

கம்பிக்காரி பாதக் கல்லின் பின்பக்கத்தை அறுக்க ஆரம்பித்தாள். தண்ணீர் பால்போல வந்தது. தொப்பி தன் துளை மெஷினைக் கழுவப் போய்விட்டான். பக்கத்தில் யாரும் இல்லை. வெட்டு முக்கால்வாசி இறங்கியபோது தண்ணீர் சாம்பலாக மாறியது.

அவள் கை சுவிட்சுக்குப் போனது. போய் அங்கேயே நின்றது.

அங்கே சாம்பல் வரக்கூடாது. கதவு உள்ளே மலைக்குப் போகிறது என்றால் பாதத்தின் அடியில் அதற்கு என்ன வேலை? நிறுத்த வேண்டும், மேனேஜரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் தொப்பி வருவான். மறுபடியும் எண்ணெயாக இருந்தால்? அதுவும் இந்த மேடத்துக்கு முன்னால்? இதோ போய்விடும், இதோ போய்விடும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் தண்ணீர் சாம்பலாகவே ஓடியது. பிறகு பாலாகிவிட்டது. மூச்சு விட்டாள்.

பாதக் கல் வெளியே வந்தது. சுலபமாக வந்தது, வேண்டாத அளவுக்குச் சுலபமாக வந்தது. அதன் அடிப்பக்கம் ஓர் ஓரமாக மினுமினுத்ததை அவள் பார்த்தாள். லோடர்காரர் அதைத் தூக்கிக்கொண்டு போய் மினுக்குப் பக்கம் கீழே இருக்கிற மாதிரி வைத்துவிட்டார். சாம்பல் மேடம் புது முகத்திலிருந்து பை பையாக வெட்டி எடுத்து, கம்பிக்காரியைக் கட்டிப் பிடித்துவிட்டு ஊருக்குப் போனாள்.

அப்புறம் மழை பிடித்தது. விடாத மழை. மழை விட்ட அன்று காலையில் கம்பிக்காரி மூலைச் சுவர்ப் பக்கம் போனாள். பாதத்தில் ஈரம் கசிந்துகொண்டிருந்தது. விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். பல்பொடியைக் குழைத்த மாதிரி வழவழவென்று சாம்பல் நிறக் குழம்பு. நின்ற இடத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. கதவு மலைக்குள் போகவில்லை. மடிந்து, கீழே இறங்கி, குவாரியைப் பார்த்துச் சரிகிறது. சாய்ந்த பலகையின்மேல் நிறுத்திய பீரோ மாதிரி மொத்தச் சுவரும் அதன்மேல் நிற்கிறது. பீரோ வழுக்காமல் முன்னால் முட்டுக் கொடுத்திருந்த கட்டைதான் பாதக் கல். அந்தக் கட்டையை அறுத்து எடுத்தது அவள் கை. பலகையில் இப்போது எண்ணெய் தடவின மாதிரி தண்ணீர் வேறு.

அந்தச் சுவருக்கு நேர் கீழேதான் அவள் புருஷன் நாள் முழுக்க லோடர் ஓட்டுகிறார்.

அன்று சாயந்திரம் வீட்டில் அவர் நாற்காலியின் ஆடுகிற காலுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். ஒரே சட்டையை மூன்று தரம் மடித்துப் பிரித்தாள்.

"என்ன, மூஞ்சி உம்முன்னு இருக்கு?"

"ஒண்ணுமில்ல. தலைவலி."

"தலைவலி போற மாதிரி ஒரு சேதி சொல்லட்டா? மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னாரு. உன்னை ஆபரேட்டர்னு நிரந்தரமாப் போடப் போறாங்களாம். இனிமே ஒரு நாள் மட்டும்னு எவனும் சொல்ல முடியாது." ஆணியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். "சட்டி சுமந்துட்டு வந்தவ. இன்னிக்கு எனக்கே மேல உக்காந்திருக்கா."

அவர் அவ்வளவு சந்தோஷமாக ஆணி அடித்து அவள் பார்த்ததில்லை. சொல்ல வாயெடுத்தாள். "பாத்து அடிங்க, விரல்ல பட்டுடப் போகுது" என்றுதான் வந்தது.

படுத்தவளுக்குத் தூக்கம் வரவில்லை. சொன்னால் மெஷின் போகும். நிரந்தரம் என்ற பேச்சே போகும். பொம்பளை கையில் கம்பியைக் கொடுத்தால் இப்படித்தான் என்று, தனக்குப் பின்னால் வருகிற ஒருத்திக்கும் அந்த மெஷின் நாற்காலி கிடைக்காது. சொல்லாவிட்டால்? அந்தக் கேள்வியை அவளால் முழுசாகக் கேட்டுக்கொள்ளக்கூட முடியவில்லை.

காலையில் வேலை ஆரம்பித்தது. கீழே லோடர் உறுமிக்கொண்டு மூலைச் சுவர்ப் பக்கம் திரும்பியது. அவ்வளவுதான். அவள் ஓடிப்போய் ஆபத்துச் சங்கின் பொத்தானை அழுத்திவிட்டாள். அந்தச் சங்கு ஊதினால் யாராயிருந்தாலும் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு மேலே வந்துவிட வேண்டும். எல்லாரும் வந்தார்கள். மூச்சு வாங்க நின்று கீழே பார்த்தார்கள். சுவர் சுவராகவே நின்றது.

"யாரு ஊதுனது?" என்றார் மேனேஜர்.

"நான்தான்."

"எதுக்கு?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்லத் தன் குரலே தனக்குத் தூரத்தில் கேட்டது. சாம்பல் தண்ணீர் என்றதும் தொப்பியின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"எவ்வளவு நேரம் வந்துச்சு?"

"ஒரு டீ குடிக்கிற நேரம்."

"நிறுத்தலையா?"

"நிறுத்தலை."

மேனேஜர் கையை மட்டும் நீட்டினார். அவள் மெஷின் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தாள். லோடர்காரர் அவள் முகத்தைப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் சாம்பல் மேடத்துக்குப் போன் போட்டு, எல்லாரும் கேட்கிற மாதிரி வைத்தார்.  "சார், நான் வயசு பாக்குறவ. விழுமா விழாதான்னு சொல்ற படிப்பு வேற" என்றது குரல். "ஆனா செதில் ஈரமானா வழுக்கும். தயவுசெஞ்சு யாரையும் கீழ விடாதீங்க. கேட்டது நான்தானே... அக்கா பக்கத்துல இருக்காங்களா?" மேனேஜர் போனை அணைத்துவிட்டார்.

விழுமா விழாதா என்று தீர்க்கக் குவாரியில் ஒரு வழி உண்டு. சுவரின் தலைமாட்டில், சுவரும் மலையும் சேருகிற இடத்தில் மயிரிழை வெடிப்பு ஒன்று இருந்தது. வெடிப்பின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்டு வைத்து ஒட்டினார்கள். சுவர் கொஞ்சம் அசைந்தாலும் கண்ணாடி தாங்காது. "கண்ணாடி உடைஞ்சா அந்தச் சுவர்ப் பக்கம் வேலையையே மூடிடலாம். உடையலைன்னா கொஞ்ச நாள் பாத்துட்டுக் கீழ இறங்கிடணும். நல்ல கல்லு பூரா அங்கதான் இருக்கு" என்றார் மேனேஜர். சங்கு ஊதிய அவசரத்தில் போட்டுவிட்டு வந்த லோடர் கீழேயே, சுவருக்கு எதிரிலேயே நின்றுவிட்டது.

கம்பிக்காரி மறுபடியும் தண்ணீர்க் குழாய் பிடித்தாள். மெஷினில் தொப்பி உட்கார்ந்தான். கீழே வேலை செய்தவர்களை உடைசல் பொறுக்க விட்டார்கள். சட்டி சுமந்து பழக்கமில்லாத ஆண்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தபடி போனார்கள். காலையில் வணக்கத்துக்குப் பதிலாக ஒரு கேள்வி வந்தது.

"என்னக்கா, கண்ணாடி உடைஞ்சுதா?"

"இன்னும் இல்லப்பா."

"நீ வேணா ஒரு பார்வை பாரேன். பயந்துக்கிட்டாவது உடையும்."

முன்பென்றால் பதிலுக்கு ஒன்று கொடுத்திருப்பாள். இப்போது குழாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வேலைக்கு வந்ததும் முதலில் போய்க் கண்ணாடியைப் பார்ப்பாள். முழுசாக இருக்கும். வெயில் பட்டு மின்னும். ஒரு நாள் அதன் எதிரில் நின்றுகொண்டு, உடைஞ்சு தொலையேன் என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. கண்ணாடி உடைந்தால் மலை நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். மலை நகர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நிற்கிறாள். தன் பேச்சு மெய்யாக வேண்டும் என்பதற்காக. காலடியில் கிடந்த கல்லைக் கையில் எடுத்திருப்பதும் அப்போதுதான் தெரிந்தது. சுட்டதுபோல அதைக் கீழே போட்டாள்.

வீட்டில் லோடர்காரர் பேச்சைக் குறைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "சாப்பிடு" என்பார், "லைட்டை அணைச்சுடு" என்பார். ஒரே ஒரு நாள் கேட்டார்.

"நிஜமாவே சாம்பல்தானா? எண்ணெய் இல்லையே?"

"சாம்பல்தாங்க."

"ம்" என்றார். அந்த 'ம்' எந்தப் பக்கம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

பிறகு ஒரு காலையில் அவள் போவதற்குள் சுவரின் தலைமாட்டில் கூட்டம் கூடியிருந்தது. தொப்பி அவளைப் பார்த்ததும் தலைக்கவசத்தைக் கழற்றினான்.

"கம்பிக்கா... உடைஞ்சிடுச்சு."

ஆளாளுக்குப் பேசினார்கள். நாம் மட்டும் கீழே இருந்திருந்தால் என்றான் ஒருவன். கம்பிக்கா சொன்னால் கல்லும் கேட்கும் என்றான் இன்னொருவன். மேனேஜர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். அவளுக்குக் கண் கலங்கியது. தான் பைத்தியக்காரி இல்லை. அவ்வளவு நாளும் அடைத்துக்கொண்டிருந்த மூச்சு ஒரே இழுப்பில் வெளியே வந்தது.

"சரி, சுவரை மூடிடலாம்" என்றார் மேனேஜர். "ஆனா லோடர் கீழயே நிக்குது. விழுந்தா அப்பளமாப் போயிடும். இப்பவே மேல கொண்டாந்துடணும். யாரு போறீங்க?"

ஆளாளுக்கு ஓர் அடி பின்னால் நகர்ந்தார்கள்.

"நான் போறேன். என் வண்டி அது" என்றார் லோடர்காரர்.

சாதாரணமாகச் சொன்னார். டீ வாங்கிவரப் போகிறவர் மாதிரி சரிவில் இறங்கி நடந்தார். "தைரியசாலிப்பா" என்று பின்னால் முணுமுணுத்தார்கள். எல்லாரும் விளிம்புக்குப் போய் அவரைப் பார்த்தார்கள். கண்ணாடிக்குப் பக்கத்தில் கம்பிக்காரி மட்டும் நின்றாள். அப்போதுதான் அதை நேராகப் பார்த்தாள்.

கல் விலகி உடைகிற கண்ணாடி, வெடிப்பின் நேருக்கு ஒரே கோடாக உடையும். இதில் நடுவில் ஒரு சின்னப் பள்ளம். அதிலிருந்து நாலாபக்கமும் சிலந்தி வலை மாதிரி கீறல். பள்ளத்தில் கண்ணாடி மாவாகியிருந்தது. ஆணி அடிக்கிற சுத்தியல் முனையின் அளவு.

அவர் ஏன் பயப்படவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. உடைத்தவருக்கு என்ன பயம்?

அவள் ஓடினாள். மேனேஜர் கத்தினார். தொப்பி கையைப் பிடிக்கப் பார்த்தான், நழுவிவிட்டாள். அவள் அடித்தளத்துக்கு வந்தபோது லோடர் உறுமத் தொடங்கியிருந்தது. சுவரின் பாதத்தில் ஈரம் இன்னும் காயவில்லை. அவள் நேரே போய், சுவருக்கும் லோடருக்கும் நடுவில் நின்றாள். முதுகுக்குப் பின்னால் மூன்று மாடி வெள்ளைக் கல்.

அவர் ஹாரனை நீளமாக ஒரே அழுத்தாக அழுத்தினார். அவள் அசையவில்லை. லோடரின் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"ஏய், கிறுக்கு பிடிச்சிருக்கா? மேல போ!"

"ஏன் போகணும்?"

"சுவர் நிக்கிற நிலைமை தெரியுமில்ல?"

"என்ன நிலைமை? கண்ணாடியை நீங்கதானே உடைச்சீங்க. சுவர் அசையலையே. நான் நின்னா என்ன?"

அவர் விளிம்பைப் பார்த்தார். மேலே வரிசையாகத் தலைகள் தெரிந்தன. எஞ்சின் சத்தத்தில் அங்கே எதுவும் கேட்காது.

"நீ தலையக் குனிஞ்சுட்டு நடக்குறத எத்தனை நாள் பாக்குறது?" என்றார். "குழாயப் பிடிச்சுக்கிட்டு, அந்தத் தொப்பிப் பய சொல்றதக் கேட்டுக்கிட்டு... உனக்காகத்தான் செஞ்சேன்."

"எனக்காகச் செஞ்சீங்க. ஆனா என்னை நம்பல. நம்பியிருந்தா அது தானா உடையும்னு காத்துக்கிட்டு இருந்திருப்பீங்க. இப்படி வந்து இதுக்கு அடியில உக்காந்திருக்க மாட்டீங்க."

"சரிம்மா, நம்புறேன். மேல போயிடு."

"சும்மா சொல்லாதீங்க. பயம் இல்லைன்னா வண்டியை எடுங்க. நான் இங்கயே நின்னு வழி சொல்றேன்."

அவர் கை கியரில் இருந்தது. கண் அவளைத் தாண்டி மேலே போனது. பாதத்து ஈரத்திலிருந்து தொடங்கி, சாய்ந்து ஏறும் கறுத்த பட்டை வழியாக, அதன்மேல் குந்தியிருக்கும் அத்தனை வெள்ளையையும் அவர் பார்த்தார். நாள்தோறும் அதன் அடியில் இருந்தவர்தான். ஆனால் அதன் கீழே அவள் நின்று அவர் பார்த்தது இதுதான் முதல் தடவை. அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை அவள் கண்ணால் கண்டாள்.

எஞ்சினை அணைத்தார். இறங்கினார். சாவியைக்கூட எடுக்காமல் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.  சத்தம் போட்டால் சுவருக்குக் கேட்டுவிடும் என்பதுபோல இருவரும் மெதுவாக நடந்து மேலே வந்தார்கள்.

"வண்டி எங்க?" என்றார் மேனேஜர்.

"அங்கதான் சார். அது அங்கயே இருக்கட்டும். நான் இனிமே அதுக்கு அடியில போக மாட்டேன்."

கம்பிக்காரி மெஷின் சாவியை நீட்டினாள். "இதை வச்சுக்குங்க சார். அந்தக் கண்ணாடி தானா உடையல."

 யார் என்று மேனேஜர் கேட்பதற்கு முன்னாலேயே லோடர்காரர் கையைத் தூக்கிவிட்டார், பள்ளிக்கூடப் பையன் மாதிரி. "நான்தான். சுத்தியலால தட்டுனேன்."

மேனேஜருக்கு வந்த கோபத்தில் பேச்சு திக்கியது. "அப்ப சுவர் அசையவே இல்ல! எல்லாம் நாடகம்! நாளைக்கே எல்லாரும் கீழ இறங்குறீங்க!"

யாரும் நகரவில்லை. கண்ணாடி பொய் என்பது எல்லாருக்கும் புரிந்துவிட்டது. ஆனால் கீழேயிருந்து ஏறி வந்தபோது அந்த இரண்டு பேரின் முகத்தையும் அவர்கள் பார்த்திருந்தார்கள். தொப்பிதான் முதலில் வாயைத் திறந்தான். "லோடர் ஓட்ட ஆள் இல்லாம நாங்க கீழ போய் என்ன சார் பண்றது? கல்லை எண்ணிட்டு வரதா?" அவன் வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தான். முடிக்கும்போது குரலில் வேடிக்கை இல்லை.

இப்போது இரண்டு பேருமே உடைசல் சுமக்கிறார்கள். சும்மாடு கட்டத் தெரியாத புருஷனுக்கு அவள்தான் கட்டிவிடுகிறாள். வேறு லோடர்காரர் வரப்போகிறார் என்று மேனேஜர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். கீழே அந்த வண்டியின்மேல் வெள்ளைத் தூசி படிந்துகொண்டே வருகிறது. சுவர் அப்படியே நிற்கிறது. கம்பிக்காரி சொன்னது சரியா தப்பா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவளுக்கும்தான்.

உடைந்த கண்ணாடியைப் பெயர்த்துவிட்டுப் புதுசாக ஒன்றை அவளே ஒட்டினாள். வேலைக்கு வந்ததும் இருவரும் முதலில் அங்கேதான் போகிறார்கள். வானம் இருட்டிக்கொண்டு வந்த ஒரு காலையில் அவர் குனிந்து உற்றுப் பார்த்தார்.

"முழுசாத்தான் இருக்கு" என்றார். "உனக்கு வருத்தமா?"

அவள் துண்டின் நுனியால் கண்ணாடியில் படிந்திருந்த தூசியைத் துடைத்தாள். அழுத்தாமல், குழந்தை முகத்தைத் துடைக்கிற மாதிரி துடைத்தாள்.

"இல்லங்க. அப்படியே இருக்கட்டும்" என்றாள். "இப்பல்லாம் உடையக் கூடாதுன்னுதான் வேண்டிக்கிறேன்."

முதல் தூறல் விழுந்தது. இருவரும் கீழே, சுவரின் பாதத்தைப் பார்த்தார்கள்.